பனி வண்டிக்குச் சில்லு

வெஸ்ட்லி, ஒஸ்லோ
12 மே 2024

அக்கா,

உன்னோடு தொலைபேசியில் கதைக்கச் சொல்லி அம்மா என்னைக் கலைத்துக்கொண்டே இருக்கிறார். உன் கிராமத்தில் குன்றின் மேல் ஏறினால்தான் சிக்னல் வருமாம். நீ அங்கே ஏறி நிற்க, நான் இங்கே ஒன்றும் சொல்லாமல் நிற்பேன். உனக்கு என்னைத் தெரியும்தானே. கடிதத்தில் நான் நடுவில் நிறுத்தினாலும் ஒருவருக்கும் கேட்காது. உங்கள் அமைப்பைச் சேர்ந்த ஒருவர் புதன்கிழமை மலாவிக்கு வருகிறார். அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நோர்வேஜிய மொழியில் எழுதினால் நீ சிவப்புப் பேனா எடுப்பாய். அதனால் தமிழ். பள்ளிக்கூடத்தை விட்டாலும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நான் விடவில்லை. நீ அதைப் பாதியில் விட்டவள். இந்த ஒன்றிலாவது நான் உனக்கு மேலே இருக்கிறேன்.

பெப்ரவரியில் உன்னை வழியனுப்ப நான் விமான நிலையத்துக்கு வரவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று அம்மா சொல்லியிருப்பார். காய்ச்சல் இல்லை. ஏன் வரவில்லை என்று உனக்குத் தெரியும். தெரியாவிட்டால் அது இன்னும் மோசம்.

அங்கே உன் பயிற்சிப் பட்டறைக்கு நீ கேட்ட சைக்கிள்கள் நேற்றுக் கப்பலுக்குப் போய்விட்டன. ஒவ்வொரு வசந்தத்திலும் எங்கள் மாடிக் கட்டடங்களில் எல்லோரும் கூடித் துப்புரவு செய்கிற டுக்னாட் நாள் வருமே, அன்று நிலவறைகளைத் திறந்து, தூசு படிந்து கிடந்த சைக்கிள்களையெல்லாம் ரொம்மனில் நான் வேலை பழகும் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். நானும் பட்டறைப் பொறுப்பாளர் எய்னாரும் அவற்றைத் திருத்திக் கொள்கலனில் அடுக்கினோம். எய்னார் ஒரு நாளைக்குப் பத்துச் சொல்கூடப் பேசமாட்டார். அதனால்தான் இந்த வேலைப் பயிற்சியில் நான் நிலைத்திருக்கிறேன்.

சைக்கிள் அல்லாத ஒன்றும் உள்ளே இருக்கிறது. அதைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது. திறக்கும்போது பார்ப்பாய்.

ராகவி


கசெங்கா, மலாவி
9 ஜூன் 2024

ராகு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டுத் தமிழில் எழுத ஒரு பின்னேரம் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். பிழை இருந்தால் நீ சிவப்புப் பேனா எடு.

இங்கே விடியற்காலையில் பட்டறை வாசலில் நின்றால், பாதை முழுக்கச் சைக்கிள்கள். ஒருவன் வீட்டுக் கதவு ஒன்றை நிலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறுகிறான். இன்னொருவனின் சைக்கிள் கரி மூட்டைகளுக்குள் மறைந்துபோய், மூட்டைகள் தாங்களாகவே நகர்வதுபோல இருக்கிறது. நேற்று ஒரு பெண், நிறைமாதம், பின் கரியரில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் கணவனின் சட்டையையும் பிடித்துக்கொண்டு மருத்துவ நிலையத்துக்குப் போனாள். ஒவ்வொரு குழிக்கும் கண்ணை மூடித் திறந்தாள். ஒஸ்லோவில் நாங்கள் நிலவறையில் பூட்டிவைக்கிற பொருள் இங்கே லொறி, வாடகைக் கார், அம்புலன்ஸ் எல்லாம்.

பட்டறையில் படிக்க வருகிறவர்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். தாடாலா என்று ஒருத்தி, உன் வயதுதான். தம்பி தங்கைகளைப் பார்ப்பதற்காக நின்றுவிட்டாள். கரண்டிப் பிடி ஒன்றை வைத்துச் சைக்கிள் சில்லின் அச்சைத் திறக்கிறாள். சரியான கருவி கொடுத்தால், முதலில் அதை மணந்து பார்க்கிறாள்!

ஒரு கவலை. எங்கள் அமைப்பின் தலைவி ஹில்டெ டிசெம்பரில் வருகிறார். இந்தப் பிள்ளைகள் தங்கள் வேலையால் தாங்களே நிற்க முடியும் என்று அவருக்குத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் பட்டறையை மூடிவிட்டு ஊர்த் தலைவரிடம் சாவியைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். கட்டடம் சோளக் களஞ்சியமாகும். பிள்ளைகளுக்கும் இது தெரியும். எல்லாம் உன் கொள்கலனில்தான் இருக்கிறது.

விமான நிலையத்தைப் பற்றி நேரில் கதைப்போம்.

தக்ஷா


கசெங்கா
2 செப்டெம்பர் 2024

ராகவி,

கொள்கலன் வந்தது. ஊரே வந்து நின்றது. ஊர்த் தலைவருக்குக் கதிரை போட்டிருந்தோம். பிள்ளைகள் பாட்டுக்கூடப் பழகியிருந்தார்கள். பூட்டை உடைத்துக் கதவைத் திறந்தேன். முதலில் வெளியே வந்தது ஒரு ஸ்பார்க்.

ஸ்பார்க்! முன்னால் ஒரு இருக்கை, கீழே இரண்டு நீளமான இரும்புத் தண்டு, பின்னால் நின்று காலால் உந்திப் பனியில் சறுக்கிப் போகிற அதே வண்டி. அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம். அதற்குக் கீழே நீல மையால் “முருகன் துணை”. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு. பனி என்றால் என்னவென்றே ஒருவருக்கும் தெரியாத ஊருக்கு!

பாட்டு நின்றுவிட்டது. “இது என்ன?” என்று தலைவர் கேட்டார். விருந்தாளியாக வந்திருந்த ஒருவர் படம் எடுத்து ஒஸ்லோவுக்கு அனுப்பிவிட்டார். ஹில்டெ தொலைபேசி எடுத்துக் கேட்டார், நாங்கள் பகிடி விடுகிறோமா என்று. டிசெம்பருக்கு இன்னும் மூன்று மாதம்தான். நல்ல சைக்கிள்கள் இருக்கின்றன, பிள்ளைகள் திருத்துகிறார்கள். ஆனால் சைக்கிள் திருத்துகிறவன் இந்தப் பாதையில் மூலைக்கு ஒருவன் ஏற்கெனவே இருக்கிறான்.

நீ அங்கேதானே நின்றாய்? யார் என்ன தந்தாலும் ஏற்றிவிடுவதா? உனக்கு வாய் இல்லையா?

தக்ஷாயினி


வெஸ்ட்லி
22 செப்டெம்பர் 2024

அக்கா,

அந்த ஸ்பார்க் நான்காம் மாடி இரத்தினவேல் மாமாவுடையது. அவர் நோர்வேக்கு வந்த புதிதில், வடக்கே மீன் ஆலையில் வேலை செய்த காலத்தில் வாங்கியது. டுக்னாட் அன்று அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். இப்போது அவரால் மெட்ரோ நிலையம் வரைக்கும்கூட நிற்காமல் நடக்க முடியாது. ஆனாலும் தூக்கிக்கொண்டு வந்தார்.

“சில்லில்லாட்டிலும் வண்டி வண்டிதான் பிள்ளை. ஒரு நாளும் என்னைக் கீழை போடேல்லை. ஆபிரிக்காப் பிள்ளையளுக்குக் குடு,” என்றார்.

அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி எய்னார் எனக்குக் கண்காட்டினார். நான் வெளியே போனேன். மாமா அதற்குள் பையிலிருந்து சந்தனம் எடுத்துப் பூசி, புது வாகனத்துக்கு வைப்பதுபோலத் தண்டுக்குக் கீழே எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டார். “நீ தள்ளு பிள்ளை. பழம் நசியவேணும்,” என்றார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? தள்ளினேன். பழம் நசிந்தது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அதைப் பார்த்துப் புஷ்பராணி மாமியும் பாலசிங்கம் அங்கிளும் ஓடிப்போய்த் தங்களுடையதையும் கொண்டுவந்தார்கள்.

எனக்கு வாய் இருக்கிறது, அக்கா. பெப்ரவரியில் ஒரு தரம் திறந்தேன். உன்னுடைய பயண விருந்தன்று. பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளைகளுக்கு ஒரு வழி காட்டத்தான் நீ போவதாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் சோற்றுப் பானையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, “இஞ்சையும் ஒருத்தி இருக்கிறன்,” என்றேன். இந்திராதேவி மாமி சிரித்தார். “உனக்கு என்னடி குறை, நோர்வேயிலை இருந்துகொண்டு!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நீயும் சிரித்தாய்.

வகுப்பில் எழுந்து நின்று பேசச் சொன்ன நாளில், நான் கழிவறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டேன். பிறகு வீட்டுக்கு வந்துவிட்டேன். பிறகு போகவில்லை. ஏன் போகவில்லை என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. எப்போது போவாய் என்றுதான் கேட்டாய்.

உன் டிசெம்பரை நான் கெடுத்துவிட்டேன். அது எனக்கு மிகவும் கவலை.

ராகவி


கசெங்கா
27 ஒக்டோபர் 2024

ராகு,

நான் சிரித்தேன். ஞாபகம் இருக்கிறது. இதற்குப் பிறகு எழுதியதையெல்லாம் வெட்டிவிட்டேன். எழுத வரவில்லை. வேறொன்று சொல்கிறேன், அதற்குள் அதுவும் இருப்பதாக நினைத்து வாசி.

அந்த மூன்று ஸ்பார்க்கையும் விறகாக்கலாம் என்று பட்டறையின் பின்கோடியில் போட்டிருந்தேன். தாடாலா அதிலொன்றை முற்றத்துக்கு இழுத்து வந்தாள்.

“இது எதுக்கு?” என்று கேட்டாள்.

பனியைப் பற்றிச் சொன்னேன். குளிர், வானத்திலிருந்து விழும், ரோட்டெல்லாம் வழுக்கும், அதில் இது சறுக்கும் என்று. தண்டின் அடிப்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள்.

“அப்ப உங்கடை ஊரிலை ரோட்டு வழுக்கும். எங்கடை ஊரிலை வழுக்காது. அவ்வளவுதானே வித்தியாசம்?”

நான் ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது? (அவள் தன் மொழியில் சொன்னதைத்தான் எங்கள் தமிழில் எழுதுகிறேன். அவள் கதைப்பது எனக்கு அப்படித்தான் கேட்கிறது.)

ராகு, நீ இதைப் பார்த்திருக்கவேண்டும். சின்னப் பிள்ளைகளின் சைக்கிள்களிலிருந்து முன் சில்லைப் பிடித்திருக்கிற கவைகளைச் சில்லோடு கழற்றினாள். லிம்பானி என்ற பையன் இரும்பைச் சூடாக்கித் தட்டினான். கவைகளைத் தண்டின் இரு பக்கமும் பின்னால் பொருத்தி, முன்னால் ஒரு சின்னச் சில்லு வைத்தார்கள். எங்கள் நெல்லிக்காய் மேட்டுப் பாதை (அப்படித்தான் நான் பெயர் வைத்திருக்கிறேன், ஏறினால் நெல்லிக்காய் மூட்டைபோலச் சிதறிவிடுவோம், அவ்வளவு குழிகள்) மாட்டுவண்டி போக முடியாத ஒடுக்கம். இது போகிறது! முன்னால் ஒருவர் நிம்மதியாகச் சாய்ந்து இருக்கலாம், பின்னால் ஒருவர் தள்ளலாம்.

முந்தாநாள் லிம்பானியின் அக்காவுக்கு வலி கண்டது. வண்டி இன்னும் முடியவில்லை, வேண்டாம் என்றேன். தாடாலா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. தலையணை வைத்து, துணியால் கட்டி, அவளை இருத்தித் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் பின்னால் ஓடினேன். முதல் மழை தூறியது. அந்தப் பெண் கால்களை நீட்டி, வலியின் நடுவிலும் சுற்றிப் பார்த்துக்கொண்டு போனாள். குழிகளுக்குக் கண்ணை மூடவில்லை. வயல்களில் நின்றவர்கள் வேலையை விட்டுவிட்டு வரம்பில் ஏறி நின்று பார்த்தார்கள். எங்கள் பல்கலைக்கழகத்தில் எத்தனையோ இயந்திரங்களை நான் பார்த்தேன். ஒன்றுக்குப் பின்னாலும் இப்படி ஓடியதில்லை.

ஆண் குழந்தை. இருவரும் சுகம். மறுநாளே தாதி எஸ்தேர் வந்து, மருத்துவ நிலையத்துக்கு இப்படி வண்டி வேண்டும் என்றார். ஆனால் இறக்கத்தில் அவருக்குப் பயம். எங்களுக்கும்தான். பின்னால் இருக்கிற இரண்டு சில்லுக்கும் இரண்டு தனித்தனிப் பிரேக். எந்தக் கை முதலில் அமர்த்துகிறதோ, வண்டி அந்தப் பக்கம் சுழல்கிறது. இது சரியாகாமல் ஒரு தாயையும் ஏற்றமாட்டேன் என்று தாடாலா சொல்லிவிட்டாள். டிசெம்பர் கிட்ட வருகிறது.

“முருகன் துணை”க்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். கடவுள் கூட இருக்கிறார் என்றேன். “அப்ப அது இருக்கட்டும்,” என்றாள் தாடாலா.

தக்ஷா


வெஸ்ட்லி
10 நவம்பர் 2024

அக்கா,

உன் கடிதத்தைப் பட்டறையில் பிரித்தேன். லிம்பானியின் அக்கா கால் நீட்டிப் போகிற இடத்துக்கு வந்ததும் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். நான் தள்ளிய எலுமிச்சம்பழ வண்டியில் ஒரு குழந்தை! எங்கள் கண் முன்னால் இத்தனை வருடம் நிலவறையில் நின்றதைத்தான் அவள் பார்த்தாள். நாங்கள் பனி வண்டியைப் பார்த்தோம். அவள் கதிரையைப் பார்த்தாள்.

“என்ன?” என்று எய்னார் கேட்டார். நான் சொன்னேன். தாடாலா, கவை, மேட்டுப் பாதை, பிரேக் எல்லாவற்றையும். சொல்லி முடிக்கும் வரைக்கும் நான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. அவர் பழைய பாகங்கள் போடுகிற வாளியைக் கிளறி ஒரு பிரேக் பிடியை எடுத்தார். பாலர் பள்ளிகளில் பிள்ளைகளை ஏற்றிப் போகிற பெட்டிச் சைக்கிளில் இருப்பது. ஒரு பிடி, இரண்டு கம்பி. ஒரு தரம் அமர்த்தினால் இரண்டு சில்லும் ஒன்றாகப் பிடிக்கும். இருந்த எல்லாவற்றையும் இந்தப் பொதியில் வைத்திருக்கிறேன். கம்பிகளை ஒரே நீளத்துக்கு வெட்டச் சொல். இல்லாவிட்டால் மறுபடி சுழலும். தாடாலா இதை முதலே கண்டுபிடித்திருப்பாள். இருந்தாலும் சொல்.

இன்னொன்று. தாதிக்கு வண்டிகள் வேண்டும், உங்களிடம் மூன்றுதான் இருக்கின்றன. அதனால் ஸ்பார்க் கேட்டுக் கதவு தட்டினேன். நான்தான், அக்கா. எங்கள் கட்டடம், பக்கத்துக் கட்டடம், பிறகு ரொம்மன் பக்கம். முதல் கதவில் மணியை அமர்த்திவிட்டு, படியால் ஓடுவோமா என்று நினைக்கும்போதே திறந்துவிட்டார்கள். உதயகுமாரி அன்ரி.

“ஸ்பார்க்கோ? எங்கை பிள்ளை போகப் போறாய்?”

“நான் போகேல்லை அன்ரி. ஒரு தாய் போகப் போறா.”

அன்ரி உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்து முழுவதையும் கேட்டார். மற்ற மாடிகளுக்கு அவரே சொல்லிவிட்டார். ஒரு சோமாலியக் குடும்பம் தந்தது. ஒரு நோர்வேஜியப் பாட்டி, சிவப்பு நிறம் பூசிய ஒன்றைத் தந்து, தானும் கீழ் வாசல் வரைக்கும் வந்தார். இப்போது எங்கள் நிலவறையில் நடக்க இடமில்லை. அப்பா ஏசுகிறார்.

அடுத்த கொள்கலன் எப்போது?

ராகவி


கசெங்கா
15 டிசெம்பர் 2024

ராகு,

ஒன்றும் அனுப்பாதே. கோபிக்காமல் முழுக்க வாசி.

பிடிகள் வந்தன. தாடாலா அதை மணந்து பார்த்தாள், சிரித்தாள். கம்பிகளை ஒரே நீளத்துக்குத்தான் வெட்டினாள், நான் சொல்லமுதலே. இப்போது மேட்டிலிருந்து இறங்கும்போது வண்டி ஒரு சாணும் விலகுவதில்லை.

ஹில்டெ வந்தார். பட்டறையைச் சுற்றிப் பார்த்தார், தலையாட்டினார், அவ்வளவுதான். அப்போது தாடாலா வண்டியைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் நிறுத்தி, “இருங்கோ,” என்றாள். தலைவி இருந்தார். மேட்டு உச்சி வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், அங்கிருந்து இறக்கத்தில் விட்டாள். பாதி வழியில் ஹில்டெ அலறியது எங்களுக்குக் கேட்டது. கீழே வந்து நின்றபோது அவருடைய கண்ணாடி நெற்றிக்கு மேல் போயிருந்தது. அவர் எழும்பவில்லை. இருக்கையின் கைப்பிடியைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

“ஸ்பார்க் முடிஞ்சால் என்ன செய்வியள்?”

அதற்குத் தாடாலா, “நீங்கள் இருக்கிறது ஸ்பார்க் இல்லை,” என்றாள்.

எனக்கே தெரியாது, ராகு! ஸ்பார்க் ஒன்றைப் பிரித்து அளந்து, யூக்கலிப்டஸ் மரத்திலும் உடைந்த கட்டில் இரும்பிலும் நான்காவது வண்டியை அவர்கள் தாங்களே செய்திருந்தார்கள். நெற்றியில் “முருகன் துணை”. ஒரு எழுத்தும் தெரியாமல், படம் கீறுவதுபோலப் பார்த்து எழுதியது. ணை மட்டும் கொஞ்சம் யானைக்குட்டி மாதிரி இருக்கிறது. அது இல்லாத வண்டியில் ஏறமாட்டோம் என்று தாய்மார் சொல்கிறார்களாம்.

மருத்துவ நிலையத்தோடு சேர்த்துச் சுற்றியிருக்கிற ஊர்களும் கேட்டிருக்கின்றன. பட்டறை மூடப்படாது. சாவியை டிசெம்பரில் கொடுக்கத்தான் செய்தேன், ஆனால் தாடாலாவிடம். பெயர்ப் பலகையும் இனி அவர்களுடையது. மழைக்காலம் முடிய நான் திரும்பலாம்.

உன்னைப் பற்றிச் சொன்னேன். பள்ளிக்கூடத்தை விட்டது, கதவு தட்டியது எல்லாம். தாடாலா யோசித்துவிட்டு, “அவளுக்கு அங்கை ஆர் பட்டறை வைச்சுக் குடுத்தது?” என்று கேட்டாள். அன்று பின்னேரம் சிமெந்துப் பைக் கடதாசியில் வண்டியை அளவோடு கீறிக் கொண்டுவந்து தந்தாள். “இதை அவளுக்குக் குடு. எங்கடை ஊருக்கு வந்ததுதானே, இனி அங்கை போகட்டும்.”

உள்ளே வைத்திருக்கிறேன்.

நீ ஏன் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை, ராகு? இப்போதுதான் கேட்கிறேன்.

தக்ஷா


வெஸ்ட்லி
16 மார்ச் 2025

அக்கா,

சிமெந்துப் பைக் கடதாசி என் மேசைக்கு மேலே இருக்கிறது. நான் பார்க்காத ஒருத்தி, நான் போகாத ஊரில், பென்சிலால் கீறிய கோட்டின் மேல் என் விரலை வைத்துப் பார்த்தேன். எந்த இடத்தில் யோசித்தாள் என்று தெரிகிறது. அங்கே கோடு தடித்திருக்கிறது.

நிலவறை நிறைய ஸ்பார்க் நின்றதல்லவா? அந்தக் கடதாசியைப் பார்த்துப் பார்த்து அவற்றுக்குச் சில்லு வைத்தேன். முதல் வண்டி சரிவரவில்லை. இரண்டாவதில் இரத்தினவேல் மாமாவை இருத்தி, பனி அகற்றிய பாதையால் மெட்ரோ நிலையம் வரைக்கும் தள்ளிப் போனேன். அவர் நிலையத்தில் இறங்காமல் இருந்து, வந்து போகிற ரயில்களைப் பார்த்தார்.

“உன்ரை அக்காவின்ரை பிள்ளையள் கெட்டிக்காரர்,” என்றார் கடைசியில். “நான் சும்மா வண்டிதானே குடுத்தன்.”

இப்போது எங்கள் கட்டடங்களில் வயதானவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். எய்னார் பட்டறையின் ஒரு மூலையைத் துப்புரவாக்கி, அந்தச் சுவரில் என் பெயரை எழுதிவிட்டார். இலையுதிர் காலத்திலிருந்து முறையான தொழிற்பயிற்சியில் சேர்க்கிறாராம். ஒரு சொல்லும் பேசாமல் கையெழுத்துப் போட்டார். என்னைப்போலப் பள்ளிக்கூடத்தை விட்ட கம்சிகா என்ற பிள்ளையும் வருகிறாள். அவள் என்னைவிடக் கூச்சம். நான்தான் கதைக்க வேண்டியிருக்கிறது!

தாடாலாவிடம் ஒன்று சொல். இங்கே ஆறு மாதம் பாதை வழுக்கும், ஆறு மாதம் வழுக்காது. அதனால் சில்லை மடித்துத் தூக்குகிற மாதிரி ஒரு கொளுவி வைத்திருக்கிறேன். பனி வந்தால் மறுபடி சறுக்கும். படம் வைத்திருக்கிறேன். அவளுக்குத் தேவைப்படாது. ஆனால் பார்க்கட்டும்.

நீ கேட்டதற்குப் பதில் நீளம். கடிதத்தில் வேண்டாம். ஏப்ரலில் எந்த நாள், எத்தனை மணி என்று எழுது. அம்மாவும் அப்பாவும் வீட்டில் இருக்கட்டும். நான் விமான நிலையத்துக்கு வருவேன். வாசலில் பெயர்ப் பலகைகளோடு நிற்கிற ஆட்களுக்குள் என்னைத் தேடாதே. ஒரு வண்டியைத் தேடு. நெற்றியில் நீல மையால் எழுதியிருக்கும். தாடாலா கீறியதைப் பார்த்துத்தான் எழுதினேன், அந்த யானைக்குட்டியோடு.

நீ அதில் இரு. பெட்டியை மடியில் வை. நான் தள்ளுகிறேன்.

ராகவி